டவர் கிடைக்காத பதினெட்டு கிலோமீட்டர்

அனுப்பியாயிற்று, ஆனால் போகவில்லை. மங்கையர்க்கரசி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள், உடனே நிமிர்த்தினாள். டிக் குறி விழ வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கடிகாரம் நின்றது. ஸ்னோ பாயின்டிலிருந்து வேன் கிளம்பி முதல் வளைவு திரும்பும்போதுதான் கட்டைவிரல் அழுத்தியது, அழுத்திய கையோடு டவர் கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்து போயின. "பதினெட்டு கிலோமீட்டருக்கு டவர் கெடையாது தங்கச்சிங்களா, கீழ பாலம் தாண்டினாத்தான் இன்ஸ்டா. அதுவரைக்கும் ஜன்னல் வழியா ஒரிஜினலப் பாருங்க," என்று டூர் மேனேஜர் ரெக்ஸ் டிரைவர் பக்கத்திலிருந்து கத்தினான். பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். பதினான்கு ஐயோதானா? எண்ணினாள். ஜன்னல் ஓரம் ஏழு, நடுவில் ஐந்து, பின் சீட்டில் இரண்டு. பதினான்கு. நாலு நாளாக இந்த எண்ணிக்கைதான் அவளுக்கு ஜபம். சண்டிகரில் எண்ணினாள், மணாலி ஹோட்டல் மாடிப்படியில் நின்று எண்ணினாள், பனியில் எல்லாரும் வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு ஒரே மாதிரி ஆரஞ்சு உருண்டைகளாகப் புரண்டபோது முதுகில் எழுதியிருந்த கடை நம்பரை வைத்து எண்ணினாள். ஒருமுறையும் குறையவில்லை. குறையாததுதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஆள் குறைந்தால் தெரிந்துவிடும், கத்தலாம், போலீசுக்குப் போகலாம். ஆள் சரியாக இருந்து உள்ளே ஏதோ நழுவிக்கொண்டிருந்தால் எதை வைத்து எண்ணுவது? செய்தியை மறுபடி படித்தாள். வணக்கம், பவதாரணியின் தந்தைக்கு. நான் சுற்றுலாவுக்குப் பொறுப்பாக வந்திருக்கும் பேராசிரியை. தங்கள் மகள் இரண்டு நாட்களாக விடியற்காலையில் டூர் ஊழியர்களின் அறைப்பக்கம் தனியாகப் போய்வருவதைக் கண்ணால் பார்த்தேன். கேட்டால் பொய் சொல்கிறாள். தாங்கள் உடனே கிளம்பி நேரில் வந்து மகளை அழைத்துச் செல்வது நல்லது. கல்லூரிக்கு எழுதும் முன் தங்களுக்குத் தெரிவிக்கிறேன். 'கண்ணால்' என்ற சொல் வேண்டாமோ. மூக்கால் பார்ப்பார்களா. ஆனால் அதுதான் செய்தியின் முதுகெலும்பு, அதை எடுத்தால் எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. கடிகாரம் அசையாமல் நின்றது. அழிக்க நினைத்தால் அழிக்கலாம். பாலம் வரும்வரை அழிக்கலாம்.

அழிக்கத் தேவையில்லை. பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறாள். கிளம்பும் அன்று கல்லூரி முதல்வர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், நீங்க ஃபாரின்ல இருந்துட்டு வந்தவங்க. அந்த மாதிரி ஃப்ரீயா விட்டுறாதீங்க. பதினாலு பொண்ணுங்க போறாங்க, போனபடியே திரும்பி வரணும்." போனபடியே. அந்தச் சொல்லை அவர் மேசைமேல் பேப்பர் வெயிட் மாதிரி வைத்தார். காகிதத்தில் இது இண்டஸ்ட்ரியல் விசிட். சண்டிகரில் ஒரு பல்பு கம்பெனிக்குள் இருபது நிமிஷம் நடந்து, கடிதத்தில் முத்திரை வாங்கி, வாசலில் ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டதோடு இண்டஸ்ட்ரி முடிந்துவிட்டது. மீதி ஐந்து நாளும் மணாலி. பையன்கள் ஒரு வேனில், அவர்களோடு ஆண் ஆசிரியர் இருவர். பெண்கள் இந்த வேனில், இவள் ஒருத்தி. ஆக்லாந்தில் பதினேழு வருஷம் இருந்தாளே, அங்கேயும் பிள்ளைகளை இப்படி ஒரு மலை ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். பாலத்தின் மேலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு குதித்தார்கள். படிவத்தை அவர்களே படித்து அவர்களே கையெழுத்துப் போட்டார்கள், என் உடம்புக்கு நானே பொறுப்பு என்று. இவள் கீழே ஆற்றங்கரையில் காபி குடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான் இவள் வேலை. இங்கே பதினான்கு அப்பாக்களின் கையெழுத்து, பதினான்கு போன் நம்பர், ஒரு நீல ஃபைல். அது இப்போது அவள் காலடியில் தோள்பைக்குள் இருக்கிறது. பதினான்கு அப்பாக்கள் காலடியில் கிடக்கிறார்கள் என்று நினைத்தவுடன் காலைச் சற்று நகர்த்திக்கொண்டாள். ஜூன் மாதம் காண்டிராக்ட் புதுப்பிக்க வேண்டும். அதற்காக இல்லை. அதற்காகவும்தான். போன வருஷம் ஹாஸ்டலில் ஒரு பெண்ணைப் பற்றி வார்டன் அவள் வீட்டுக்கு ஒரே ஒரு போன் பண்ணினாள், மறுநாள் மத்தியானம் அப்பாக்காரர் வந்து டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அந்தப் பெண் பின்னால் போனாள். ஆறாவது செமஸ்டர் எழுதவேயில்லை. இவள் அப்போது இரண்டாம் மாடி ஜன்னலில் நின்றாள். யாருமே அவளிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லையே என்று அன்று நினைத்தாள். இவள் கேட்டாளே. இவள் கேட்டுவிட்டுத்தான் எழுதினாள். அதுதான் வித்தியாசம்.

கேட்டது இன்று காலை, ஐந்தே கால் இருக்கும். மணாலிக் குளிரில் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துக்கொண்டு அவள் ஹோட்டலின் பின்பக்க வராந்தாவில் நின்றாள். நேற்றும் அதே நேரம் அங்கே நின்றாள். நேற்று ஒரு நிழல்தான் தெரிந்தது, பச்சைச் சால்வை, எட்டிப் போட்ட நடை. இன்று முகமே தெரிந்தது. கீழே தகரக் கொட்டகை, அதுதான் டூர் சமையல்கட்டு. அதை ஒட்டி ஓர் அறை, அங்கேதான் ரெக்ஸும் சமையல் மாஸ்டரும் படுக்கிறார்கள். கொட்டகைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சந்திலிருந்து பவதாரணி வந்தாள், சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அழுதிருக்கிறாள். "எங்க போயிட்டு வர்றே?" "சுடுதண்ணி வாங்க மேடம்." கையில் பாட்டில் இல்லை. அதை அவளும் உணர்ந்துவிட்டாள், கையைப் பார்த்தாள், சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "தண்ணி இன்னும் சுடலயாம் மேடம்." இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட நன்றாக இருந்தது. அவள் மேலே போன ஒரு நிமிஷத்தில் அதே சந்திலிருந்து ரெக்ஸ் வந்தான், வாயில் பிரஷ், குல்லா, நெற்றியில் கூலிங் கிளாஸ். ஐந்தே கால் மணிக்குக் கூலிங் கிளாஸ். "குட் மார்னிங் மேடம்" என்று நுரையோடு சிரித்தான். என்ன சிரிப்பு அது. ஒன்றுமில்லாதவன் அப்படிச் சிரிக்க மாட்டான். ஒன்று இருக்கிறவனும் அப்படிச் சிரிக்க மாட்டானோ? இல்லை, சிரிப்பான். அவளுக்குத் தெரியும். இதில் மட்டும் அவளுக்குப் பாடம் எடுக்க ஆள் தேவையில்லை.

ஆறு வருஷம். ஆறு வருஷம் அவள் கணவன் சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்தே வைத்தான். கண்ணாடி கீறிவிடுமே என்று அவள் அதற்கு ஒரு துணி உறை வாங்கிக் கொடுத்தாள். துணி உறை! வியாழக்கிழமைகளில் லேட்டாக வருவான், அவள் ரசத்தைச் சுடவைப்பாள். எல்லாம் வெளியில் வந்தபோது அவனைவிட மற்றவர்கள்தான் அவளைக் கொன்றார்கள். உனக்குத் தெரியவே இல்லையா? தமிழ்ச் சங்கத்துப் பெண்கள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி, திருநெல்வேலியிலிருந்து சொந்த அக்கா, எல்லார் வாயிலும் அதே வாக்கியம், இரண்டு பாஷையிலும் அதே வாக்கியம். அவன் செய்தது தப்பு, ஆனால் அவளுக்குத் தெரியாமல் போனது அசிங்கம். அன்றிலிருந்து அவள் தெரிந்துகொண்டே இருக்கிறாள். ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம், வேலைக்காரப் பெண் கதவை எத்தனை முறை திறந்தாள், அங்கேயே தங்கிவிட்ட மகள் கடைசியாக எத்தனை மணிக்கு வாட்ஸ்அப்பில் இருந்தாள், எல்லாம் தெரியும். "அம்மா, என்னை நீ பாக்கல, வேவு பாக்கற" என்று மகள் போன மாதம் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கடைசி நேரம் தெரிவதை மறைத்து வைத்துவிட்டாள். மறைக்கிறவளிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் மறைக்க வேண்டும். இது கணக்கு மாதிரி, எங்கே போட்டாலும் இதே விடைதான் வரும். வேன் ஒரு வளைவில் அகலமாகத் திரும்பியது, இடப்பக்கம் பள்ளம் முழுவதும் ஜன்னலில் ஏறி வந்தது, தேவதாருகள், அடியில் நூல் மாதிரி ஆறு. கிலோமீட்டர் கல் ஒன்று போயிற்று. பதினொன்று பாக்கி.

"மாஸ்டர், ராத்திரிக்கு என்ன?" என்று ஷாஹினா பின்னாலிருந்து ஆரம்பித்தாள். ஷாஹினாதான் இந்த வேனின் ரேடியோ. மாஸ்டர் முன் சீட்டில், ரெக்ஸுக்குப் பின்னால், முழங்காலுக்கு நடுவில் இரண்டு பெரிய ஹாட்பாக்ஸை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வடக்கே போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளே சப்பாத்தி அலுத்துவிடும் என்பதால் டூர்காரர்கள் ஊரிலிருந்தே அரிசி, பருப்பு, புளியோடு மாஸ்டரையும் ரயிலேற்றிக் கூட்டிவருவார்கள். ஐம்பது வயதிருக்கும், குரங்குக் குல்லாவுக்குள் முகம் பாதி. அவர் திரும்பாமலே சொன்னார்: "பனிக்கட்டி சாம்பார்." "நேத்து வச்சதும் அதானே மாஸ்டர்!" வேன் சிரித்தது. "உண்மையா மாஸ்டர், உங்க சாம்பார்ல நான் கான்டாக்ட் லென்ஸ் கழுவிக்கிட்டேன்." "கழுவினியா பாப்பா? அப்ப இன்னைக்காச்சும் அதுல கெடக்கற முருங்கைக்கா ஒன் கண்ணுக்குத் தெரியும்." இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு, ஷாஹினாவே கை தட்டினாள். பவதாரணி சிரிக்கவில்லை. மங்கைக்கு இரண்டு வரிசை முன்னால், குறுக்காக, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதும் சிரிப்பதில்லை, மாஸ்டர் சம்பந்தப்பட்டால். முதல் நாள் எல்லாரும் சாம்பாரைக் கிழித்தபோது "நல்லாத்தான இருக்கு" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். தட்டை நீட்டுவாள், வாங்குவாள், போவாள், அந்த மனுஷரை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். திமிர் என்று நினைத்தாள் மங்கை. சோறு போடுகிறவரை மனுஷராக மதிக்கத் தெரியாத திமிர். மாஸ்டரும் விவரமானவர்தான், மற்ற எல்லாப் பெண்களையும் பாப்பா பாப்பா என்று கூப்பிடுகிறவர் இவளை மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்றும் சொல்லி... வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த நினைப்பு அங்கேயே எதிலோ மாட்டிக்கொண்டது. ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நேற்று ராத்திரி எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. வரிசையில் முன்னால் நின்ற பெண் "எனக்குக் கத்தரிக்கா வேணாம் மாஸ்டர்" என்றாள். "வேணாம்னா ஓரமா ஒதுக்கிப் போடும்மா, நாப்பத்திரண்டு பேருக்கு நான் பொறுக்கிக்கிட்டு நிக்க முடியாது" என்று அவள் தட்டிலும் இரண்டு காயைப் போட்டார். அடுத்தவள் பவதாரணி. அவள் வாயைத் திறக்கவில்லை. கரண்டி குண்டானுக்குள் இறங்கிற்று, இரண்டு காயை அள்ளிற்று, பிறகு விளிம்பில் லேசாகச் சாய்ந்து காயை உருட்டி உள்ளே தள்ளிவிட்டு வெறும் குழம்பை மட்டும் எடுத்து வந்தது. கண் இமைக்கிற நேரம். அடுத்து மங்கையின் தட்டு, இரண்டு காய். அவள் அதைப் பார்த்தாள், பார்த்தோம் என்றே தெரியாமல் பார்த்தாள். பவதாரணிக்குக் கத்தரிக்காய் ஆகாது. அது படிவத்தில் இருக்கிறது, ஒவ்வாமை என்ற கட்டத்தில்: கத்தரிக்காய், நாக்கு தடிக்கும். படிவம் மங்கையின் பையில் இருக்கிறது. மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருப்பாள். எப்போது? ஒரு வார்த்தை பேசாதவள் எப்போது சொன்னாள்? ஐந்தே காலுக்குச் சொன்னாள். சந்துக்குள் சொன்னாள். அப்படியானால் ரெக்ஸ் இல்லை. ரெக்ஸ் இல்லையா! ஐம்பது வயது. குல்லாவுக்குள் பாதி முகம். எல்லாரையும் பாப்பா என்கிற வாய். அப்பா வயசு, அப்பா வயசுக்காரர்கள்தான். பத்திரிகையில் படிப்பதில்லையா, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாளே, அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது திமிர் இல்லை, பயம். எழுதியது போதாது. எழுதியதைவிட மோசம். இதையும் சேர்த்து எழுதவேண்டும், பெயரோடு. மாஸ்டர் பெயர் என்ன? யோசித்தாள். நாலு நாளாக அவர் கையால் சாப்பிடுகிறார்கள், பெயர் தெரியாது. ரெக்ஸ் மாஸ்டர் என்றான், எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். குனிந்து பையைத் திறந்து நீல ஃபைலை எடுத்தாள், அதில் அவர் பெயர் இருக்காது என்று தெரிந்தே எடுத்தாள். கையை எதிலாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏழாவது தாள். பவதாரணி, மூன்றாம் ஆண்டு. ஒவ்வாமை, கத்தரிக்காய். தந்தை பெயர் க. ஒச்சப்பன். ஊர் உசிலம்பட்டி. தொழில், கேட்டரிங். கேட்டரிங் என்பதை அந்தப் பெண்தான் எழுதியிருக்கிறாள், மகளின் உருண்டையான எழுத்து. முதலில் வேறு என்னவோ எழுதி அடித்துவிட்டு அதன்மேல் அதை எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் வேறு, பேனாவை அழுத்திப் பிடித்து, கோட்டுக்குக் கீழே சரிந்து. மங்கை தாளை வெளிச்சத்தில் சாய்த்தாள். அடித்ததற்கு அடியில் மூன்று எழுத்தா நான்கா. ச. மை. தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் அடையாளம். மலைகள் ஜன்னலில் போய்க்கொண்டிருந்தன, யாரோ பாடினார்கள், யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள், மங்கைக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. மத்தியானம் பனியில் இந்தப் பெண் கையுறையைக் கழற்றி மங்கையின் போனை வாங்கிப் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். திருப்பி வாங்கியபோது போனில் ஒரு வாடை வந்தது, மங்கை துடைத்துக்கொண்டாள். வெங்காய வாடை. சின்ன வெங்காயம். நகக்கண்ணில் மஞ்சள். சண்டிகர் ஸ்டேஷனில் மாஸ்டர் ரெக்ஸிடம் சொன்னது இவள் காதில் விழுந்திருந்தது: "கையாளு வரல தம்பி, அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம். நாப்பத்திரண்டு பேருக்கு நான் ஒத்தை ஆளு." ஒற்றை ஆள் காலை ஏழு மணிக்கு நாற்பத்திரண்டு பேருக்குச் சாம்பார் இறக்குகிறார். வெங்காயத்தை யார் உரித்தது? விடியற்காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள். வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் வரும் என்பது நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் ஒரு பெண் கண்ணைத் துடைத்தால் மங்கைக்கு வெங்காயம் ஞாபகத்துக்கு வருவதில்லை, வேறு ஏதோதான் வருகிறது. அப்பாவும் மகளும். ஒரே டூரில், ஒரே வேனில், இரண்டு வரிசை தள்ளி. யார் சொல்லி இந்த ஏற்பாடு? அவள் வெட்கப்பட்டுச் சொன்னதா? இல்லை, 'பிள்ளைங்க என்னைய ஓட்டுவாங்க, ஒனக்கு எதுக்கும்மா' என்று அவரே சொன்னதா? தட்டை நீட்டும்போது நிமிராமல் இருக்க எத்தனை முறை பழகியிருப்பாள். ரெக்ஸுக்குத் தெரிந்திருக்கும், அதே அறையில்தானே படுக்கிறான், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. நுரைச் சிரிப்பு. வெறும் குட் மார்னிங்.

கல் போயிற்று. இரண்டு பாக்கி. பள்ளம் ஆழம் குறைந்து ஆறு பெரிதாகிப் பக்கத்தில் வந்துவிட்டது, அதன் சத்தம் கேட்டது. போனை எடுத்தாள். கடிகாரம் இருந்தது, நல்லவேளை. தாங்கள் உடனே கிளம்பி நேரில் வந்து. கடவுளே. செய்தியின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாள், அது நிறம் மாறியது, மேலே குப்பைத்தொட்டிப் படம் வந்தது. தொட்டால் போதும். அப்போதே தொட்டிருக்க வேண்டும். விரல் மேலே போய் நின்றது. நிச்சயம்தானா? வெங்காய வாடை, மஞ்சள், கத்தரிக்காய், இதெல்லாம் என்ன சாட்சி? கேட்டரிங் செய்கிறவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர். இத்தனை நேரம் ஒன்றை நம்பினாய், இப்போது அரை மணியில் வேறொன்றை நம்புகிறாய், இதுவும் நீயே கட்டிய கதை என்றால்? அழித்துவிட்டு, நாளைக்கு நிஜமாகவே ஒன்று நடந்து, அப்புறம் எல்லாரும் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், இரண்டு பாஷையிலும். தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மிகச் சுலபமான வழி. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். செய்தி போகும். போனால் எங்கே மணி அடிக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த வேனுக்குள் அடித்தால் அவர்தான். அப்படி அவள் யோசித்தாளா, அல்லது விரல் அப்படி நின்றதா, பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. வேன் பாலத்தின் இரும்புத் தகட்டின்மேல் தடதடவென்று ஏறியது. எல்லாப் போன்களும் ஒன்றாக உயிர்பெற்றன, டிங், டிங், பெண்கள் ஹேய் என்று கத்தினார்கள். கடிகாரம் மறைந்தது. ஒரு டிக். இரண்டு டிக். முன் சீட்டில், ஹாட்பாக்ஸுக்கு மேலே, ஸ்வெட்டருக்குள்ளிருந்து கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மாஸ்டர் சட்டைப் பையில் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்தார். ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் உதடுகள் தெரிந்தன, ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. 'கண்ணால்' என்ற இடத்தில் நின்றதாக மங்கைக்குத் தோன்றியது. இரண்டு டிக்கும் நீலமாயின. அவர் திரும்பவில்லை. மகளைப் பார்க்கவில்லை, இவளைப் பார்க்கவில்லை, ரெக்ஸ் என்னவோ கேட்டதற்கு "ம்" என்றார். பிறகு ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். மங்கையின் திரையில் அவர் எழுதிக்கொண்டிருப்பதாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. இரண்டு வளைவு, ஒரு ஆட்டுக்கூட்டம், ஒரு பெட்ரோல் பங்க். அவர் போனை ஸ்வெட்டருக்குள் வைத்தபோது அவள் போன் அதிர்ந்தது. வணக்கம் மேடம். பாத்தேன். தப்பு என் பேர்லதான் மேடம், புள்ள நல்ல புள்ள. இனிமே காலைல அந்தப் பக்கம் போகாது. நான் வேலையா வெளியூர்ல இருக்கேன், உடனே வர முடியாத நெலம. காலேஜுக்கு எழுதிராதீங்க. படிப்புக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கங்க மேடம். வெளியூர்ல இருக்கேன். ஆமாம், இருக்கிறார், பத்தடி தூரத்தில். பொய்யே இல்லாத ஒரு பொய். மங்கை எழுதினாள்: மன்னிக்கவும். அழித்தாள். நான் தவறாக... அழித்தாள். எனக்குத் தெரியும் என்று எழுதினாள், அது மிரட்டல் மாதிரி இருந்தது, அழித்தாள். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொல்லலாம், ஆனால் பதிமூன்று ஜோடிக் காதுகள் இருக்கின்றன, அந்த இரண்டு வார்த்தையே அவர்கள் இருவரும் நாலு நாளாகக் காப்பாற்றியதை உடைத்துவிடும். முன்னால் மாஸ்டர் போனை மறுபடி வெளியே எடுத்திருந்தார். கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதுவதும் நிறுத்துவதும் அவருக்குத் தெரியும். இந்த டீச்சரம்மா அடுத்து என்ன போடப்போகிறாளோ என்று பார்க்கிறார். மங்கை போனை அணைத்தாள்.

ஒரு டீக்கடையில் வேன் நின்றது. வெயில் சாய்ந்து மலைகள் மஞ்சளாக இருந்தன, எல்லாரும் இறங்கிக் கையை உரசிக்கொண்டு நின்றார்கள். ரெக்ஸ் டீக்குச் சொல்லப் போனான். மாஸ்டர் ஹாட்பாக்ஸைப் பெஞ்சில் வைத்துத் திறந்தார். காலையிலேயே போட்டு அடைத்துவைத்த பஜ்ஜி, தொய்ந்து போயிருந்தது, ஆனாலும் அந்தக் குளிரில் எண்ணெய் வாசனை எல்லாரையும் இழுத்தது. "மாஸ்டர், இது பஜ்ஜியா பனிச்சறுக்குப் பலகையா?" என்றாள் ஷாஹினா. மாஸ்டர் காகிதத் தட்டுகளைப் பிரித்து அடுக்கினார். ஷாஹினா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். "சாப்பிடு பாப்பா" என்றார், அவ்வளவுதான். காகிதத் தட்டில் ஆளுக்கு இரண்டு, இடுக்கி எதை எடுக்கிறதோ அது. உருளை, வாழைக்காய், கத்தரிக்காய், கத்தரியின் காம்பு மாவுக்கு வெளியே கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. பவதாரணி வந்தாள், தட்டை நீட்டினாள், தரையைப் பார்த்தாள். இடுக்கி உள்ளே போயிற்று. மேலாக உருளைக்கிழங்கு இருந்தது, மங்கை பார்த்தாள், அவரும் பார்த்தார். இடுக்கி அதைத் தேடிப் போகவில்லை. கைக்கு முதலில் வந்ததை எடுத்தது, இரண்டும் கத்தரிக்காய், மற்ற யாருக்கும் போடுவதுபோல் தட்டில் போட்டது. "இந்தா பாப்பா" என்றார்.

பவதாரணி நிமிர்ந்தாள். நாலு நாளில் முதல் தடவை. அந்த முகத்தில் என்ன இருந்தது என்று மங்கை வெகுநேரம் பார்த்திருக்க முடியும், அவ்வளவு திறந்து கிடந்தது. பாப்பா என்ற சொல்லைத்தான் அவள் கேட்டிருக்கிறாள், கத்தரிக்காயை அப்புறம்தான் பார்த்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய், ஒரு பஜ்ஜியை எடுத்து, காம்பைப் பிடித்து, வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். மங்கை நடந்தாள். நடக்கிறோம் என்று தெரியாமல் நடந்து, "ஏய், இரு" என்றாள், குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது, நாலைந்து பேர் திரும்பினார்கள். "எனக்குக் கத்தரிக்கா பஜ்ஜின்னா உயிரு. ரெண்டையும் இப்படித் தா. எனக்கு உருளை வந்திருக்கு, வாயுத் தொல்லை, நீ வச்சுக்க." "மேம், நீங்க பிள்ளைங்க தட்டுலயே கை வைக்கிறீங்க" என்றாள் ஷாஹினா. "டீச்சருக்கு அந்த உரிமைகூட இல்லையா?" தட்டு மாறிற்று. பவதாரணியின் விரல்கள் குளிர்ந்திருந்தன. "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள், கண்கள் மங்கையின் முகத்தில் ஓடித் தேடின, எவ்வளவு தெரியும், எப்போதிருந்து தெரியும், யாரிடம் சொல்வாள். மங்கை முகத்தை வேறு பக்கம் திருப்பினாள், பெஞ்சின் பக்கம். அங்கே மாஸ்டர் இடுக்கியை ஹாட்பாக்ஸுக்கு மேலே பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார், அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்வையில் நன்றி இல்லை. மகளின் தட்டைப் பார்த்தார், இவள் கையைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்க்கிற பார்வைதான் அது. அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள், ஒரு பாலம் தாண்டுகிற நேரத்தில். ஒரு பஜ்ஜியால் அதைத் திருப்பி வாங்க முடியாது. க. ஒச்சப்பன், உசிலம்பட்டி. பெயர் நாக்கு நுனியில் இருந்தது. கூப்பிடவில்லை. கத்தரிக்காயைக் கடித்தாள், ஆறிப்போயிருந்தது, மாவு மேலண்ணத்தில் ஒட்டியது, விழுங்கினாள்.

"உப்பு சரியா இருக்குங்களா மேடம்?" என்றார் மாஸ்டர்.

"சரியா இருக்கு மாஸ்டர்" என்றாள். இரண்டாவதையும் அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டு முடித்தாள்.